மல்லாட்டை முதல் சுரபுன்னை வரை: கடலூர்ப் பக்கத்தில் ஆறு நாள்

முதல் நாள்: விழுப்புரம் வழியே புதுச்சேரி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலுக்குக் கீழே கூடையோடு வந்து நின்ற ஒரு பெண்மணி, "மல்லாட்டை வேணுமாம்மா, அவிச்ச மல்லாட்டை" என்று கேட்டார். திருநெல்வேலியில் பிறந்து, அங்கேயே முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான், நாங்கள் கடலை என்பதை இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்கிறார்கள் என்று தெரிந்தது. மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் புழங்கித் தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் விழுப்புரத்தில் பத்து ரூபாய்ப் பொட்டலமாக விற்பனையாவது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பயணத்துக்கு நான் வைத்துக்கொண்ட நோக்கமும் இதுதான். விதை பரவும் முறைகள் யாவை என்ற கேள்விக்குக் காற்று, நீர், விலங்கு, வெடித்தல் என்று நான்கு வரி விடையை ஆண்டுதோறும் எழுத வைத்திருக்கிறேன். அந்த நான்கு வரிகளுக்குள் அடங்காமல், கடல் தாண்டிக் கண்டம் தாண்டி ஓர் உயிர் இன்னோர் இடத்தில் எப்படிக் குடியேறுகிறது என்பதை ஒரே ஒரு வட்டாரத்தில் ஊர் ஊராகப் பார்த்து, அன்றன்று இரவே எழுதிப் பதிவிடலாம் என்று புறப்பட்டேன். மாசி மாதத்தில் பள்ளியை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது என் வாழ்நாளில் இதுவே முதல் முறை.

கடலையின் தாயகம் மணிலா அன்று. பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடபகுதியும் சேர்ந்த தென் அமெரிக்க நிலமே அதன் பிறப்பிடம். மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அமெரிக்கப் பயிர்கள் பல அந்த வழியில்தான் ஆசியாவுக்கு வந்தன. இதில் என்னை வியக்க வைப்பது கடலைச் செடியின் இயல்பு. அது பூவை மேலே பூத்து, கருவுற்ற பின் காம்பைக் கீழே வளைத்து, காயைத் தன் காலடி மண்ணுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறது. இறகு இல்லை, முள் இல்லை, மிதக்கும் ஓடும் இல்லை. ஊரை விட்டு நகரவே கூடாது என்று முடிவெடுத்ததைப் போன்ற ஒரு செடி, மனிதக் கையில் ஏறி உலகின் வெப்ப நிலங்கள் அனைத்திலும் பரவிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பல் கப்பலாகக் கடலை போயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்தது, இங்கே விளைந்து, ஐரோப்பாவுக்குச் சரக்காகச் சென்றது.

பிற்பகலில் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தோட்டம் அது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், 1819இல் பிரெஞ்சுக் கப்பலொன்றில் புறப்பட்டு, ஜாவாவிலும் பிலிப்பைன்ஸிலும் சேகரித்த செடிகளை உயிரோடு தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவுக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தவர், பிற்பாடு புதுச்சேரிக்கு வந்து, 1870இல் இங்கேயே காலமானார். அக்காலத்தில் உப்புக் காற்றிலும் நல்ல தண்ணீர்ப் பஞ்சத்திலும் கப்பல் செடிகள் பெரும்பாலும் வழியிலேயே மடிந்தன. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை மூடி வைத்தால் அது விடும் நீராவியே திரும்பவும் மண்ணை நனைக்கும் என்று கண்டுபிடித்து, 1833இல் இரண்டு பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பி வென்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது.

நாகலிங்க மரத்தைத் தேடிப் போய் அதன் கீழே வெகுநேரம் நின்றேன். பூவுக்குள் ஒரு லிங்கமும் அதன்மேல் படமெடுத்த பாம்பும் இருப்பதாகக் கண்ட நம் மக்கள் அதைச் சிவன் கோயில்களில் வளர்த்தார்கள். புதுச்சேரி அரசு அதையே தன் மாநில மலராக அறிவித்திருக்கிறது. அந்த மரத்தின் தாயகம் கயானா உள்ளிட்ட தென் அமெரிக்கக் காடுகள். அதன் அறிவியல் பெயரிலேயே கயானா இருக்கிறது. பெரோத்தே ஆசியச் செடிகளைச் சுமந்துகொண்டு போன அதே கயானாதான். அருகில் நின்ற ஒரு குடும்பத்தாரிடம் இதைச் சொன்னேன். "அப்படியெல்லாம் இருக்காதுங்க, இது நம்ம சாமி பூவாச்சே" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். நான் மேற்கொண்டு வாதிடவில்லை.

இரண்டாம் நாள்: அரிக்கமேடு

இன்று எழுத அதிகமில்லை, ஏனென்றால் ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கண்ணால் பார்க்க அதிகமில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாமரங்களும், இடிந்த செங்கல் தூண்களும், மிதித்தால் காலில் தட்டுப்படும் ஓட்டுச் சில்லுகளும் இருக்கின்றன. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்து, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளையும் இத்தாலிய மட்கலங்களையும் எடுத்துக் காட்டினார். முத்தும் மணியும் துணியும் இங்கிருந்து போயின என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சரக்குப் பட்டியலில் எழுதப்படாமல் போனது எலி.

நம் வீட்டுக் கூரைகளில் ஓடும் கறுப்பெலியின் பூர்வீகம் தெற்காசியா. பண்டைய எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அது ஐரோப்பாவுக்குள் இரண்டு முறை குடியேறியது என்று 2022இல் எழுதினார்கள்: ரோமானியர் காலத்தில் ஒரு முறை, அந்தப் பேரரசின் வணிகம் நொடித்து எலிகளும் அருகிப்போன பின் இடைக்காலத்தில் மறுபடியும் ஒரு முறை. ஓர் எலி இனத்தின் ஏற்ற இறக்கம் ஒரு பேரரசின் தானியக் கிடங்குகளை ஒட்டியே நடந்திருக்கிறது. அரிக்கமேட்டிலிருந்து போன கலம் எதிலாவது அது ஏறியதா என்று கேட்டால் என்னிடம் சான்று கிடையாது. ஆனாலும் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தபோது வேறெதையும் நினைக்க முடியவில்லை.

வெளியிலிருந்து வந்தவற்றைப் பற்றியே பேசும் நாம், நம்மிடமிருந்து போனவற்றை மறந்துவிடுகிறோம். 1762இல் இந்தியாவிலிருந்து மைனாக்களை மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பயிரை அழித்த செவ்வெட்டுக்கிளிகளைத் தின்ன வைப்பதற்காக. மைனாக்கள் வெட்டுக்கிளிகளையும் தின்றன, பிற்பாடு பல தீவுகளில் மற்றப் பறவைகளின் கூடுகளையும் பறித்தன. காகத்தின் கதை இன்னும் பெரியது. குப்பையைத் தின்று ஊரைச் சுத்தமாக்கட்டும் என்று 1890களில் சான்சிபாருக்கு அழைத்துப் போகப்பட்ட நம் ஊர்க் காகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுவதும் பரவியது. கென்ய அரசு 2024இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. 1994இல் நெதர்லாந்தின் ஒரு துறைமுகத்தில் இரண்டு காகங்கள் வந்திறங்கின. சரக்குக் கப்பலில் சோற்றுப் பருக்கைக்குக் குறைவில்லாத வரையில் காகத்துக்கு எந்தக் கடலும் அகலமில்லை. அமாவாசைக்கு நாம் கூவி அழைப்பதும் இதே காகத்தைத்தான்.

மூன்றாம் நாள்: திருவக்கரை

புதுச்சேரியிலிருந்து மயிலம் சாலையில் போய், வக்கிரகாளியம்மன் கோயில் கூட்டத்தைத் தாண்டினால் கல்மரப் பூங்கா. கூட்டம் முழுவதும் கோயிலிலேயே நின்றுவிட்டது. பூங்காவில் நானும் காவலரும் இரண்டு ஆடுகளும் மட்டுமே. செம்மண் மேட்டில் மரங்கள் விழுந்தபடியே கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையின் வரியும் கணுவும் தெரிகின்றன. தட்டினால் கல்லின் ஓசை கேட்கிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானவை என்று மதிப்பிடுகிறார்கள். இவை புதைந்திருக்கும் பாறைக்குப் புவியியலாளர் வைத்த பெயர் கடலூர் மணற்கல். 1781இல் இவற்றைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர்.

பெரும்பாலான மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. ஆகவே இவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல. எங்கிருந்தோ வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லானவை என்று கருதுகிறார்கள். இந்த மணற்கல்லில் கிடைத்த கல்மரங்களில் சால மரமும் குங்கிலிய மரங்களும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தவையும் உண்டு. இன்று அந்தக் குடும்பத்தின் பெருங்காடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் போர்னியோவுக்கும் மலேசியாவுக்கும் போக வேண்டும்.

இங்கேதான் என் நான்கு வரி விடை முற்றிலும் தோற்றுப்போகிறது. அந்தக் குடும்பத்து விதைகளுக்கு இறக்கை உண்டு. ஆனால் அது பம்பரம்போலச் சுழன்று தாய் மரத்துக்குச் சற்றுத் தள்ளி விழுவதற்கு மேல் உதவாது. உப்பு நீரைத் தாங்காது. பல இனங்களில் விதை சில நாட்களுக்குள் முளைக்காவிட்டால் செத்துவிடும். அப்படிப்பட்ட மரம் கடலை எப்படித் தாண்டும்? தாண்டவில்லை, அது நின்ற நிலமே தாண்டியது. மடகாஸ்கரிலிருந்து சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இந்தியத் துணைக்கண்டம், தனித் தீவாக வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. பழைய மகரந்தத் துகள்களை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, இந்த மரக்குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, மோதலுக்குப் பின் தென்கிழக்காசியாவுக்குப் பரவியது என்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியில் வாழும் ஊதா நிறத் தவளையொன்றை 2003இல் விவரித்தபோதும் இதே செய்திதான் தெரிந்தது: அதன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு இந்தியாவில் இல்லை, சேஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. உப்பு நீர் பட்டால் பிழைக்காத தவளைகள் நீந்தியிருக்க முடியாது; நிலம் பிரிந்தபோது உறவும் பிரிந்தது.

இந்தியாவைக் கப்பல் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் கப்பலுக்குப் போகுமிடம் தெரியும்.

நான்காம் நாள்: கடலூர், தேவனாம்பட்டினம்

காலை ஐந்தரை மணிக்கே வெள்ளிக் கடற்கரைக்கு வந்துவிட்டேன். மணலில் இரவு வந்துபோன ஆமையின் தடம், டிராக்டர் ஓடியதைப் போல இரண்டு வரிசையாகக் கடல்வரை இருந்தது. முட்டைகளை விடியுமுன்பே குஞ்சு பொரிப்பகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வலையைச் சீர் செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "பங்குனி ஆமைம்மா அது. தை மாசத்துலயே வர ஆரம்பிச்சுரும், பேரு மட்டும் பங்குனி" என்றார். தான் பொரிந்த கரைப்பகுதியின் காந்தப்புலத்தை நினைவில் பதித்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து முட்டையிட அதே பகுதிக்குத் திரும்பும் உயிர் அது. அதன் ஓட்டின்மேல் கொட்டலசுகள் (பாறையிலும் படகிலும் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர்கள்) ஒட்டிக்கொண்டு போகின்றன. ஆமையின் மேல் மட்டுமே வாழும் கொட்டலசு இனங்களும் உண்டு. கடலில் மிதக்கும் எதுவும் யாருக்காவது வண்டியாகிவிடுகிறது.

அலை தொடும் எல்லைக்குச் சற்று மேலே அடப்பங்கொடி படர்ந்திருந்தது. நெய்தல் பாடல்களில் அடும்பு என்று வருவது இதுதான். ஆட்டுக் குளம்பு போல இலை, ஊதா கலந்த சிவப்பில் பூ. விதைக்குள் காற்றறை இருப்பதால் மாதக் கணக்கில் மிதந்தும் முளைக்கும். அதனால்தான் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் என்று வெப்பக் கடல்களின் கரை எல்லாவற்றிலும் இதே கொடி இருக்கிறது. பக்கத்தில் இராவணன் மீசை. அதன் முள்ளுருண்டைக் கதிர் உதிர்ந்து, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதைகளைச் சிந்திக்கொண்டே போவதைப் பார்க்கச் சிறு பிள்ளைபோல அதன் பின்னால் ஓடினேன், மூச்சிரைத்தது. இந்த இரண்டின் பெயரிலும் வெளிநாட்டைச் சுட்டும் சீமை இல்லை, பறங்கி இல்லை, மணிலா இல்லை. பெயர் வைக்க மனிதர் வருமுன்பே வந்து சேர்ந்துவிட்டவை போலும்.

விதை உப்பு நீரில் எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று பெரிதும் கவலைப்பட்டவர் டார்வின். 1855 வாக்கில் தம் வீட்டில் உப்பு நீர்ச் சாடிகளில் 87 வகை விதைகளை ஊற வைத்தார். 28 நாள் கழித்தும் 64 வகைகள் முளைத்தன, சில 137 நாள் கழித்தும் முளைத்தன. மரபணுவும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில், சமையலறைச் சாமான்களைக் கொண்டு ஒரு பெருங்கடலின் அகலத்தை அளந்த சோதனை அது. எனக்கு அடுத்த பிறவியில் ஆய்வகம் கிடைக்காவிட்டாலும் குறையில்லை, ஊறுகாய்ச் சாடி போதும்.

கரைக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. சவுக்கு தென்கிழக்காசிய, ஆஸ்திரேலியக் கரைகளின் மரம். விறகுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் இங்கே நட்டது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் கடலலைக்குப் பலியானார்கள். இந்தக் குப்பமும் அதில் கடுமையாக அடிபட்டது. அலையாத்திக் காடோ சவுக்குத் தோப்போ முன்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்று இம்மாவட்டத்தை ஆராய்ந்த கட்டுரையொன்று 2005இல் வெளியானது. அதே சவுக்கை அலையெல்லைக்கு மிக அருகில் நட்டால், அதன் சருகு அடப்பங்கொடியை மூடிவிடுகிறது, ஆமைக்கு முட்டையிட இடமில்லாமல் போகிறது. அந்நிய மரம் என்ற ஒரே சொல்லால் சவுக்கைத் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்பதைவிட, எவ்வளவு வேகத்தில் வந்தது, எத்தனை எண்ணிக்கையில் வந்தது, வந்த இடத்தில் அதைத் தின்ன யார் இருக்கிறார்கள் என்பவைதான் எனக்குப் பெரிய கேள்விகளாகத் தெரிகின்றன.

வேகத்தைப் பற்றி மதியம் பழைய நகரத் துறைமுகத்தில் நினைக்க வேண்டியிருந்தது. கரையேற்றிய படகொன்றின் அடிவயிற்றை இருவர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டலசும் சிப்பியும் சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தன. பெரிய கப்பல்கள் அடியில் ஒட்டவைத்து மட்டுமல்லாமல் உள்ளே ஊற்றியும் கொண்டுபோகின்றன: சரக்கில்லாமல் ஓடும்போது நிலை தடுமாறாதிருக்கத் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றி, சரக்கேற்றும் துறைமுகத்தில் அதை வெளியேற்றுவார்கள். ஒரு துறைமுகத்து நீரிலிருந்த முட்டையும் குஞ்சும் சில வாரங்களில் வேறொரு கண்டத்து நீரில் இறங்கிவிடும். அந்த நீரைச் சுத்திகரிக்கச் சொல்லும் பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் நிறைவேறி, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. காலையில் பேசிய முதியவரின் மகள் பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "அங்க காக்கா ஆழின்னு ஒண்ணு வந்திருக்குதாம்மா, கழிமுகத்துல தரை பூரா அதுதானாம். எறா பதுங்க சேறே இல்லைங்கறாங்க" என்று அவர் சொன்னது, வெப்ப அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிறு கருஞ்சிப்பியை. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களிலும் அது அடையடையாகப் படர்ந்து, மட்டியையும் இறாலையும் இடமில்லாமல் செய்கிறது.

மிதக்கும் வண்டிகளும் மாறிவிட்டன. 2011இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை அடித்துப்போன பொருள்களில் ஒட்டிக்கொண்டு, 289 ஜப்பானியக் கடலோர உயிரினங்கள் பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கக் கரைக்கு உயிரோடு வந்ததை 2017இல் பட்டியலிட்டார்கள். முற்காலத்தில் மிதந்தது மரம். அது சில ஆண்டுகளில் ஊறி மூழ்கிவிடும். இப்போது மிதப்பது பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழைப் படகும், அவை எளிதில் மூழ்குவதில்லை.

ஐந்தாம் நாள்: பண்ருட்டி

சித்தி வீட்டுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன என்பதைச் சித்தி வாசலிலேயே நினைவூட்டினார். சித்தப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மூன்று ஏக்கரில் முந்திரியும் வரப்போரம் பலாவும் வைத்திருக்கிறார்.

முந்திரி இப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. ஓரிரு மரங்களில் பழம் சிவந்து, கொட்டை அதன் கீழே துருத்திக்கொண்டு தொங்குகிறது. பிரேசிலின் வடகிழக்குக் கரை அதன் பிறந்த மண். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். ஆகவே வௌவால் பழத்தைத் தின்று கொட்டையைக் கீழே போட்டுவிடும். பிரேசிலின் வௌவாலுக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாட்டை நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. தோட்டத்துக்கு வெளியே வேலியோரம் தானாக முளைத்திருந்த கன்றுகளைக் காட்டி, "இதெல்லாம் நான் நட்டதில்ல, வவ்வாலு நட்டது" என்றார் சித்தப்பா.

அவருக்கு இன்று மனக்குறை தேயிலைக் கொசுவைப் பற்றி. பெயரில் கொசு என்றாலும் அது ஒரு சாறுறிஞ்சும் பூச்சி. இளந்தளிரையும் பூங்கொத்தையும் குத்திக் கருக வைக்கிறது. மருந்துச் செலவைக் கணக்குப் போட்டு அவர் திட்டிக்கொண்டிருந்தபோது, நான் மரியாதைக்காக அடக்கிக்கொண்டாலும், எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. அந்தப் பூச்சி பிரேசிலிலிருந்து முந்திரியோடு வந்ததன்று. இந்த மண்ணின் பூச்சி. நானூறு ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்த முந்திரியைத் தின்ன உள்ளூரில் ஆள் வந்துவிட்டது. தோட்டத்தைத் தாண்டி ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் எந்தப் பூச்சிக்கும் அஞ்சாமல் நிற்கிறது. மெக்சிகோப் பக்கத்து மரமான அது 1870களில் விறகுக்காக இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் தின்று, விதையை உரத்தோடு சேர்த்துப் போகுமிடமெல்லாம் போட்டுவிடுகின்றன. இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். சித்தப்பா ஒன்றைப் பிள்ளை என்கிறார், மற்றொன்றைச் சனியன் என்கிறார்.

பலா எதிர்த் திசையில் போனது. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த மரம்; விதை ஈரம் காய்ந்தால் செத்துவிடும், மிதந்து கடல் தாண்டாது. 1782இல் மொரீஷியஸ் பக்கத்திலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பலா, மா, இலவங்கப்பட்டைக் கன்றுகளோடு போன பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயக் கடற்படை பிடித்து, கன்றுகளை ஜமைக்காவில் நட்டது. பிரேசிலுக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுபோன பலா இன்று ரியோ நகரத்தை ஒட்டிய திஜுகா காட்டுக்குள் புகுந்து, அங்குள்ள விலங்குகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, சுதேசி மரங்களை நெருக்குகிறது. பலாக்கன்றுகளை அங்கே பிடுங்கி அழிக்கிறார்கள். பிரேசிலின் மரத்தைப் பண்ருட்டி பெருமையாகப் பேசுகிறது, பண்ருட்டியின் மரத்தைப் பிரேசில் களையெடுக்கிறது. சித்தியிடம் இதைச் சொன்னபோது, பலாவைப் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரி, பலா என்று பார்க்கவில்லை. இந்தத் தோட்டத்தில் இப்போதிருக்கும் முந்திரி எல்லாம் அதன் பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள். பலாவில் ஒன்றே ஒன்று பழையது. சாய்ந்தபடியே நின்று காய்க்கிறது.

இரவில் சாம்பார். அதிலுள்ள மிளகாயும் தக்காளியும் எங்கிருந்து வந்தன என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன்.

ஆறாம் நாள்: பிச்சாவரம்

சிதம்பரம் பேருந்தில் வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள். மேயும் மாடு ஒவ்வொன்றின் பின்னாலும் உண்ணிக்கொக்குகள். நம் கொக்குக்கு உறவான ஆப்பிரிக்க உண்ணிக்கொக்கு, யாரும் கூண்டில் அடைத்துக் கொண்டுபோகாமலேயே அட்லாண்டிக்கைப் பறந்து கடந்தது. 1877 வாக்கில் தென் அமெரிக்காவின் சூரினாமில் தென்பட்டு, 1953இல் புளோரிடாவில் கூடு கட்டியது. ஆனால் அங்கே ஐரோப்பியர் காட்டை வெட்டி மாடு மேய்க்காதிருந்தால், பறந்து போன கொக்குக்கு இரை எழுப்பித் தர யாரும் இருந்திருக்கமாட்டார்கள். தானாகப் போனது, கொண்டுபோனது என்ற பிரிவே இந்த ஆறு நாளில் எனக்குக் கலைந்துகொண்டு வருகிறது. பறங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையைத் தாண்டினோம். பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசியரால் பெயர் பெற்ற ஊர். அதே பறங்கியால் பெயர் பெற்ற பறங்கிக்காயும் அமெரிக்கக் காய்தான்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அலையாத்திக் காடு. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகு ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இருபுறமும் சுரபுன்னையின் முட்டுவேர்கள் நீருக்குள் கால் ஊன்றி நிற்கும் ஒடுக்கமான வாய்க்காலுக்குள் படகு நுழைந்தபோது வெளிச்சம் பச்சையாகிவிட்டது. தில்லை மரத்தையும் காட்டினார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம், இந்தியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை சேற்றுக் கரைகளில் வளர்கிறது.

சுரபுன்னை விதையைக் கீழே போடுவதில்லை. விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, முளைக்கன்றாகவே விழுகிறது. முதலில் படுத்த வாக்கில் மிதக்கும். நாளாக ஆக வேர்முனை கனத்து நிமிரும். தரை தட்டிய இடத்தில் வேரூன்றும். மாதக் கணக்கில் உயிரோடு மிதக்கும் ஆற்றலால், இங்குள்ள சுரபுன்னை இனங்கள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் அமெரிக்காவிலும் இருப்பவை வேறு இனங்கள். இடையே தென்னாப்பிரிக்க முனையின் குளிர்ந்த கடல் குறுக்கே நிற்கிறது. எவ்வளவு காலம் மிதக்கத் தெரிந்தாலும் குளிரைத் தாங்கத் தெரியாவிட்டால் அந்த முனையைச் சுற்ற முடியாது. இங்கே அக்கம்பக்கமாக வளரும் இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த ஒரு கலப்பினத்தை இந்தக் காட்டிலேயே கண்டறிந்து, அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கெங்கோ மிதந்து வந்தவை சந்தித்த இடத்தில் புதிதாக ஒன்று உண்டாகியிருக்கிறது.

ஒரு முளைக்கன்று எங்கள் முன்னாலேயே விழுந்தது. விழுந்த வேகத்தில் நீருக்குள் போய், மேலே வந்து, படகின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்தது. நான் கையை நீட்டினேன்.

"எடுக்காதீங்கம்மா. இப்ப வத்தம். தண்ணி வடியுது, அதுபாட்டுக்கு முகத்துவாரத்துக்குப் போயிரும்" என்றார் தம்பி.

"ஏத்தத்துல விழுந்தா?"

"உள்ள வரும். இங்கயே எங்கயாவது மொளைக்கும். அந்தா அது போன வருசம் மொளைச்சது."

அவர் காட்டிய கன்று என் முழங்கால் உயரம்கூட இல்லை, நான்கே இலை. விழுந்தது அதைத் தாண்டி வாய்க்காலின் திருப்பம்வரை போனது. தண்ணீர் இன்னும் வடிந்தால் படகு சேற்றில் தட்டிவிடும் என்று சொல்லி, தம்பி துடுப்பை மாற்றிப் போட்டார்.